ஐம்பது மில்லிமீட்டர் போதும், முக்கால் கிலோ வேண்டாம்!

ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வாங்குகிறவர்களிடம் ஒரு வியாதி இருக்கிறது. வாங்கும்போது "சின்னதா இருக்கு, சத்தமே இல்லை, எங்க வேணும்னாலும் எடுத்துட்டுப் போகலாம்" என்பார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அதே கேமராவின் முன்னால் சொம்பு சைசுக்கு ஒரு லென்ஸ் உட்கார்ந்திருக்கும். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "எஃப்/0.95 சார்!"

இந்த எண்ணுக்குக் கொடுக்கப்படும் பில்டப் கொஞ்சநஞ்சம் இல்லை. அது நியாயம்தானா?

முதலில் இந்தக் கேமரா ஏன் பிறந்தது என்று பார்க்க வேண்டும். ஜெர்மனியில் வெட்ஸ்லர் நகரத்து லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக்குக்கு ஆஸ்துமா. கண்ணாடித் தகடு போடும் பழைய கேமராவைச் சுமந்துகொண்டு நடப்பது அவருக்கு முடியாத காரியம். அதனால் சினிமா ஃபிலிமில் 24க்கு 36 மில்லிமீட்டர் படம் விழுகிற மாதிரி ஒரு குட்டிக் கேமராவைச் செய்தார். 1925இல் லைப்சிக் கண்காட்சியில் அது லைக்கா என்ற பெயரில் வந்தது. அதற்கு மாக்ஸ் பெரெக் வடிவமைத்த 50 மி.மீ. லென்ஸ் சீக்கிரமே எல்மார் என்று பெயர் வாங்கியது. அதன் அப்பெர்ச்சர் வெறும் எஃப்/3.5. வேலை முடிந்ததும் குழாயைக் கேமராவுக்குள் தள்ளிவிட்டால் கோட்டுப் பையில் போட்டுக்கொள்ளலாம். சிறியதாக இருப்பது இந்தக் கேமராவின் உபரி வசதி இல்லை, அது பிறந்ததே அதற்காகத்தான்.

இப்போது கணக்குக்கு வருவோம். லைக்காவின் சும்மிக்ரான் 50 எஃப்/2 சுமார் 240 கிராம். 2008இல் வந்த நாக்டிலக்ஸ் எஃப்/0.95 சுமார் 700 கிராம். எடை மூன்று மடங்கு, விலையோ அதைவிட மோசமான மடங்கு. கிடைக்கும் லாபம்? இரண்டு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல். டிஜிட்டல் கேமராவில் ஐஎஸ்ஓவை 1600இலிருந்து 6400க்குத் திருப்பினால் அந்த இரண்டு ஸ்டாப் வந்துவிடும். குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியைப் பரீட்சையில் பத்து மார்க்குக்கு எழுதுகிறவர்களும் கேமராக் கடைக்குள் நுழைந்ததும் அதை மறந்துவிடுகிறார்கள். ஐந்தாவது இட்லிக்கு முதல் இட்லியைப் போல நான்கு மடங்கு விலை கொடுப்பார்களா?

"வெளிச்சம் மட்டும் இல்லை, பின்னணி மங்கலாகிற அழகு இருக்கே" என்பது அடுத்த வாதம். அழகுதான். ஆனால் ஒரு மீட்டர் தூரத்தில் எஃப்/0.95இல் கூர்மையாக விழுவது ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் ஆழம் மட்டுமே. கண் தெளிவாக இருந்தால் காது கரைந்துவிடும். எதிரில் இருப்பவர் மூச்சு விட்டாலே ஃபோகஸ் போய்விடும். அதைவிட முக்கியம், ரேஞ்ச்ஃபைண்டரின் ஜன்னல் அந்த மங்கலைக் காட்டவே காட்டாது. பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, பக்கத்திலிருக்கும் தனி ஜன்னல் வழியாக. அதில் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே தெளிவு. மங்கலைப் பார்த்துப் பார்த்துப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர் வாங்கியதே தப்பான கேமரா! போதாக்குறைக்கு, பெரிய லென்ஸின் மூக்கு அந்த ஜன்னலின் கீழ் மூலையை வேறு மறைத்துக்கொள்ளும்.

"இது முதலீடு, விலை குறையாது" என்று சிலர் சொல்வார்கள். முதலீடு என்றால் ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கிறதே. அதில் பூஞ்சை பிடிக்காது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஐஎஸ்ஓ 400 ஃபிலிமை மட்டும் வைத்துக்கொண்டு இரவில் மேடை நாடகம் எடுப்பவருக்கு ஒவ்வொரு ஸ்டாப்பும் உயிர். அவர் எஃப்/1.4 வாங்கட்டும், நியாயம். மற்றவர்களுக்குச் சின்ன 50 மி.மீ. லென்ஸுக்கா பஞ்சம்? வால்டர் மாண்ட்லர் 1979இல் வடிவமைத்த சும்மிக்ரான் இருக்கிறது. ஜப்பானில் கோசினா செய்த ட்சைஸ் பிளானார் 50 எஃப்/2 இருக்கிறது. 1994 முதல் 2007 வரை வந்த எல்மார்-எம் எஃப்/2.8 பழைய சந்தையில் கிடைக்கும், 170 கிராம்தான். ஆனால் குழாய் உள்ளே போகிற லென்ஸை டிஜிட்டல் கேமராவில் தள்ளும் முன் கையேட்டைப் படிக்க வேண்டும், உள்ளே எதிலாவது இடித்தால் செலவு பெரிது. கையில் காசு குறைவு என்றால் பழைய சோவியத் ஜூபிடர்-8 எஃப்/2 உண்டு. அதில் கிட்டத்து ஃபோகஸ் லைக்காவோடு ஒத்துப்போகாத பிரதிகள் உலவுகின்றன, சோதித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

1948 ஜனவரி 30 இரவு, டெல்லி பிர்லா மாளிகை வாசலில் காந்தியின் மரணத்தை நேரு அறிவித்ததை ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் படம் எடுத்தார். இருட்டு, கூட்டம், ஒரு விளக்கின் வெளிச்சம். கூர்மைக்கு நூற்றுக்கு நூறு போடக்கூடிய படம் இல்லை அது. ஆனாலும் இன்றுவரை நிற்கிறது. அந்த நேரத்தில் அந்த இடத்தில் கேமரா அவர் கையில் இருந்தது, அதுதான் காரணம்.

மாதத் தவணையில் வாங்கிய முக்கால் கிலோ லென்ஸ் அந்த மாதிரி நேரத்தில் எங்கே இருக்கும்? கழுத்து வலிக்கிறது, கூட்டத்தில் இடிபடும், திருடு போய்விடும் என்று வீட்டு அலமாரியில் இருக்கும். நோயாளி ஒருவர் தன் தோள் சுமையைக் குறைக்கக் கண்டுபிடித்த கேமராவில் மறுபடியும் சுமையை ஏற்றிவிட்டு, அதை ரசனை என்று சொல்லிக்கொள்வதுதான் வேடிக்கை.