ஸ்டைல்ஷீட்டினுள் ஸ்கிரிப்ட்: பழுது நாடும் முறை

எக்ஸ்.எம்.எல். ஆவணங்களை வேறு வடிவிற்கு மாற்றும் எக்ஸ்.எஸ்.எல்.டி. மொழி 1999ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. கணினி பயிலும் நம் மாணவருட் பலர் இதனைக் கையாளுகின்றனர். ஆயின், ஸ்டைல்ஷீட்டினுள் பொதிந்த ஸ்கிரிப்ட் இயங்காவிடத்து, பழுதின் காரணத்தை நாடாது, எங்கேனும் கண்ட பரிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாக இட்டுப் பார்க்கும் வழக்கம் மிகுந்துள்ளது. இது காலத்தை வீணாக்குவதோடு பழுதை மறைக்கவும் செய்யும் என்பது நம் துணிபு.

ஸ்டைல்ஷீட்டில் எழுதிய ஸ்கிரிப்டை மூவர் படிக்கின்றனர். எக்ஸ்.எம்.எல். பார்சர் முதலிற் படிக்கும். உருமாற்றி அடுத்துப் படிக்கும். பிரௌசர் இறுதியிற் படிக்கும். ஒவ்வொன்றிற்கும் இலக்கணம் வேறு. ஆதலின், ‘ஸ்கிரிப்டில் பிழை யாது?’ என வினவுமுன், ‘எவரிடத்து இடறிற்று?’ என வினவுதலே முறை.

உதாரணமாக, ‘சிறியது’ என்னும் கணக்குக் குறி ஸ்கிரிப்டில் வருமாயின், பார்சர் அதனைப் புதியதொரு டேக்கின் தொடக்கமெனக் கொண்டு மறுக்கும். சிடேட்டா என்னும் உறையுள் இட்டால் அவ்வாயிலைக் கடக்கலாம். ஆனால் அவ்வுறை அங்கேயே கழற்றப்படும். வெளியீட்டு முறை எக்ஸ்.எம்.எல். ஆயின், உருமாற்றி அக்குறியை மீண்டும் மாற்றெழுத்தாக்கி அனுப்பும், அதனை எச்.டி.எம்.எல். எனப் படிக்கும் பிரௌசர், ஸ்கிரிப்டைப் பிழையெனத் தள்ளும். அம்முறையிலேயே, உள்ளீடற்ற ஸ்கிரிப்ட் டேக் தன்னைத் தானே மூடிய ஒற்றை டேக்காக வெளிவரும். பிரௌசர் அம்மூடலை மதியாது, பின்வரும் பகுதியையெல்லாம் ஸ்கிரிப்டெனவே விழுங்க, காண்போர்க்கு வெற்றுப் பக்கமே எஞ்சும்.

இவ்விரண்டிற்கும் எச்.டி.எம்.எல். வெளியீட்டு முறையே தக்க மருந்து, டேக்குகள் எக்ஸ்.எச்.டி.எம்.எல். பெயர்வெளியில் இருப்பின் அதுவும் பயன்படாது. மாற்றெழுத்தை நிறுத்தும் கட்டளையொன்று உண்டெனினும், அதனை ஏற்றல் உருமாற்றிக்குக் கட்டாயமன்று என மொழியின் விதியே கூறுகின்றது. அதனை நம்பியிருத்தல் தகாது.

நிற்க. உருமாற்றியே இயக்கும் ஸ்கிரிப்டும் ஒன்றுண்டு. இது மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் சேர்த்த நீட்சி. பொது விதியின்பாற் பட்டதன்று. 2005இல் டாட்நெட் 2.0 உடன் வந்த உருமாற்றி, வெளிப்படையாக அனுமதித்தாலன்றி அதனை இயக்காது. அயலார் தந்த ஸ்டைல்ஷீட் நம் கணினியில் விரும்பியவாறு எதனையும் செய்யாதபடி காத்தலே அத்தடையின் பயன். பிழைச்செய்தி கண்ட மாத்திரத்தில் அத்தடையை நீக்குதல், சாவி தேடச் சோம்பிக் கதவைப் பெயர்த்தெடுப்பதனை ஒக்கும். மேலும், டாட்நெட் கோர் முதலாகப் பின்வந்தவற்றில் இவ்வசதியே இல்லை. பழைய பணியை அங்குப் பெயர்த்தவுடன் அது நின்றுவிடும்.

‘1.0 பதிப்பு வறியது. ஸ்கிரிப்ட் இன்றி எங்ஙனம் செய்வது?’ என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும், 2007இல் வந்த 2.0 பதிப்பு, சொந்தமாகச் சார்புகள் வகுக்கவும், தேதிகளையும் சொற்கோவைகளையும் ஆராயவும் இடந்தந்தது. டாட்நெட்டில் 1.0 பதிப்போடு நிற்போரும், வேண்டிய சார்புகளை வெளியே எழுதி, நீட்சிப் பொருளாக உருமாற்றிக்கு அளிக்கலாம். அவ்வழி இன்றும் அடைபடவில்லை.

நாம் எழுதும் ஸ்டைல்ஷீட்டை நாளை வேறொருவர் பேண நேரும். இடறிய இடத்தை அறிந்து திருத்திய பணி அவர்க்கு உதவும். கண்மூடி ஒட்டிய பரிகாரமோ அவர் தலையிற் கடனாய் விழும். ஆதலின் மாணவர் முதலிற் காரணத்தைக் காண்க. மருந்து பின்னர் வருக.