இது எந்த நடிகர்?

பழைய காமிக்ஸ் நாயகர்களை, அவர்கள் முதன்முதலில் அச்சில் வந்த உருவத்திலேயே வரைந்து பார்ப்பது என்று எனக்கு நானே ஒரு சவால் வைத்துக்கொண்டிருக்கிறேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கியதும் டிராயிங் நோட்டும் பென்சிலுமாக உட்காருவேன். வரைவதில் எனக்குச் சலிப்பே கிடையாது. வரைந்ததைக் காட்டும்போது ஒரு கேள்வி கேட்கிறார்களே, அதில்தான் மனசு விட்டுப்போகிறது.

ஸ்பைடர்மேனைக் காட்டினேன். அண்ணன் மகன் கேட்கிறான்: “சித்தப்பா, இது டோபியா, டாம் ஹாலண்டா?” உச்சந்தலை முதல் கழுத்து வரை முகமூடி. அதற்குள் எந்த நடிகர் என்று கேட்கிறான்! “இது ஸ்டீவ் டிட்கோ வரைந்ததுடா” என்றேன். “அவர் எந்தப் படத்துல நடிச்சாரு?” என்றான். அவன் சின்னப் பையன், அவனை விட்டுவிடலாம். ஆபீஸில் ஐம்பது வயதுக்காரரும் அதையேதான் கேட்கிறார்.

டிட்கோ நடிக்கவில்லை. 1962-இல் ‘அமேசிங் ஃபேண்டஸி’ 15-ஆம் இதழில் பதினொரு பக்கக் கதை வரைந்தார். அந்த முகமூடியின் வலைக்கோடுகளை ஒரே ஒரு தடவை வரைந்து பாருங்கள், அப்போது தெரியும். மூக்குத்தண்டுக்கு மேலிருந்து கோடுகள் நாலாபக்கமும் கிளம்ப வேண்டும். அவற்றுக்கு நடுவே குறுக்குக்கோடு ஒவ்வொன்றும் லேசாகத் தொய்ய வேண்டும். தலை திரும்பினால் மொத்த வலையும் மண்டையோட்டின் வளைவோடு சேர்ந்து திரும்ப வேண்டும். ஒரு கோடு விறைத்துக்கொண்டாலும் முகம் தட்டையாகிவிடும். இதை அவர் கட்டத்துக்குக் கட்டம், மாதத்துக்கு மாதம், கையால் மையிட்டுச் செய்தார். அந்த ஒல்லியான தோளும் அவருடையதுதான். கதையை எழுதிய ஸ்டான் லீ சொன்னபடி, அது முதலில் ஓவியர் ஜாக் கிர்பியிடம் போனது. கிர்பி வரைந்த பையன் மாவீரனாக வந்துவிட்டதால்தான் டிட்கோவிடம் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒதுக்கப்படுகிற பையனின் உடம்பு எப்படி வளையும், எப்படிக் கூனும் என்று யோசித்து வரைந்தவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பார்த்து வரைய மாதிரிப் படம் தேடுவது இன்னொரு வயிற்றெரிச்சல். நாயகன் பெயரைத் தட்டினால் வரிசையாக சினிமா ஸ்டில்கள். ரப்பர் உடுப்பு, தையல், கவசம், இருட்டு. விரலால் தள்ளித் தள்ளிப் போனால்தான் பழைய பக்கம் ஒன்று தலைகாட்டும். அதுவும் கம்ப்யூட்டரில் புதிதாக வர்ணம் பூசியதாக இருக்கும். அந்தக் காலத்து மட்டமான தாளில் நாலு மையை வைத்துக்கொண்டு சமாளித்தார்கள். சூப்பர்மேனின் கறுப்பு முடியில் வெளிச்சம் படுகிற இடத்தை நீலத்தால் காட்டினார்கள். வர்ணம் அவ்வளவுதான் என்பதால் சுமை முழுவதையும் கறுப்புக்கோடு தூக்கியது. எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்று அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொள்ள வேண்டும். அதன் மேல் பளபளப்பையும் நிழலையும் குழைத்து அப்பிவிட்டால் எதைப் பார்த்து வரைவது?

சூப்பர்மேனை வரைய உட்கார்ந்த ராத்திரிதான் ஆதங்கம் கோபமாகவே மாறிவிட்டது. கிளீவ்லாந்து பையன்கள் இருவர்: எழுதியவர் ஜெர்ரி சீகல், வரைந்தவர் ஜோ ஷூஸ்டர். 1938-இல் சூப்பர்மேனின் மொத்த உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக்கொடுத்தார்கள். 1947-இல் வழக்குக்குப் போனார்கள். அதோடு கதையின் தலைப்பிலிருந்து அவர்கள் பெயரும் போனது. பெயரும், வருஷத்துக்கு 20,000 டாலர் உதவித்தொகையும் திரும்பக் கிடைத்தது 1975-இல். ஷூஸ்டருக்கு அதற்குள் கண்பார்வை அநேகமாகப் போய்விட்டது. 1978-இல் வந்த சினிமாவில் சூப்பர்மேனின் அப்பாவாகக் கொஞ்ச நேரமே தோன்றிய மார்லன் பிராண்டோவுக்குச் சம்பளம் 37 லட்சம் டாலர். அந்த 130 டாலரையும் சேர்த்து எழுதிய பழைய காசோலை இருக்கிறதே, அந்தத் துண்டுச்சீட்டு மட்டும் 2012-இல் 1,60,000 டாலருக்கு ஏலம் போயிற்று. வரைந்த கைக்கு வராதது காசோலைத் தாளுக்கு வந்தது!

பேட்மேன் கதையும் இதேதான். ஓவியர் பாப் கேன் முதலில் போட்டது சிவப்பு உடுப்பும் விறைப்பான இறக்கையுமாக ஓர் உருவம். காது வைத்த முகமூடி, தொங்கும் மேலங்கி, சாம்பல் நிறம் எல்லாம் எழுத்தாளர் பில் ஃபிங்கர் சொன்ன யோசனை. 1974-இல் அவர் இறந்தார். திரையில் அவர் பெயரும் சேர்ந்து வர 2015 ஆனது.

அமெரிக்காவை மட்டும் குறை சொல்வானேன்? 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியை நம்மூரில் தெரியாதவர் உண்டா? மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து எஃகுக் கை மட்டும் மிதக்கும். வரைகிறவனுக்கு அதைவிடப் பெரிய சோதனை கிடையாது. முகம் இல்லை, கண் இல்லை. அந்த ஆளின் கோபம், பயம், அவசரம் அத்தனையையும் ஒரு கையின் விரல்கள் சொல்ல வேண்டும். அதைச் சாதித்தவர் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. மாயாவி முதலில் வந்தது பிரிட்டனில்; அங்கே வார இதழ்களில் அப்போது ஓவியர் பெயர் போடும் வழக்கமே பெரும்பாலும் இல்லை. மாயாவியைக் கொண்டாடுகிறவர்களிடம் பிளாஸ்கோ என்று சொல்லிப் பாருங்கள், யார் என்று கேட்பார்கள்.

“செல்போன்ல நாலு வார்த்தை தட்டினா படமே வந்துடுது. ஏன்ப்பா ராத்திரி கண்ணைக் கெடுத்துக்கிற?” என்று அக்கறையோடு கேட்கிறவர்களும் உண்டு. அந்த மென்பொருள் எதைப் பார்த்துப் பழகியது? இந்த மாதிரிக் கைகள் வரைந்து குவித்ததைத்தானே! எனக்கு வேண்டியது படமே அல்ல. கிர்பியின் ஒரு குத்து, தாளைக் கிழித்துக்கொண்டு நம் முகத்துக்கு நேராக எப்படி வருகிறது என்று தெரிய வேண்டும். முஷ்டி தலையைவிடப் பெரிதாக, முழங்கை அதன் பின்னால் ஒளிந்து, தோள் எங்கோ தூரத்தில். அது என் மணிக்கட்டுக்குத் தெரியாமல் எனக்குத் தெரிந்ததாக ஆகாது.

இப்போதெல்லாம் ஒவ்வொரு படத்தின் அடியிலும் யார் வரைந்ததைப் பார்த்து, எந்த வருஷத்து இதழிலிருந்து வரைந்தேன் என்று எழுதிவிடுகிறேன். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால், அடுத்த குரூப்புக்கு அனுப்பும்போது அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு அனுப்புகிறார்கள். ஏன் என்று கேட்டால், “அது கீழே அசிங்கமா இருந்துச்சு” என்கிறார்கள். என் பெயரை வெட்டுங்கள், எனக்கு ஒன்றுமில்லை. டிட்கோ பெயரையும் ஷூஸ்டர் பெயரையும் பிளாஸ்கோ பெயரையும் விட்டுவையுங்கள்.