பறந்த மணிகளும் பறக்காத மணிகளும்



ஊரிலிருந்த நிலத்தை விற்று மகனை விமானியாக்கிய குடும்பங்கள் நம்முடைய நகரச் சபைகளிலும் உண்டு. உரிமம் கையில் இருக்கிறது, வேலையோ வரவில்லை. பயணிகள் விமான நிறுவனங்களின் கதவைத் தட்டிச் சோர்ந்துபோன தம்பியே, இம்மாதம் உன்னோடு பேச விரும்புகிறேன்.

சரக்கு விமானங்களைக் குறித்து நீ எண்ணியதுண்டா? சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட புளூ டார்ட் ஏவியேஷன் 1996 முதல் இப்பணியைச் செய்து வருகிறது. மாலையில் சேரும் பார்சல்கள் மறுநாள் காலை வேறு நகரத்தில் இருக்கவேண்டும். ஆகையால் அவ்விமானங்கள் பெரும்பாலும் இரவிலே பறக்கின்றன. ஊர் உறங்கும் வேளையில் செய்யும் ஊழியம் அது. ஒருவரும் கைதட்டுவதில்லை, கர்த்தரோ காண்கிறார்.

சிறிய நிறுவனத்தில் விமானங்கள் குறைவு, இடங்களும் குறைவு. அனுபவமுள்ளவர்களையே முதலில் தேடுவார்கள். இங்கேதான் சோதனை வருகிறது. வணிக விமானி உரிமத்திற்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்கவேண்டும். அதற்குமேல் நூறு மணியைப் பதிவேட்டில் சேர்த்து எழுதினால் யார் அறிவார் என்று ஒருவன் உன் காதில் ஓதுவான். பணம் கொடுத்தால் வேலை நிச்சயம் என்று வேறொருவன் சொல்லுவான்.

தம்பியே, செவிகொடாதே! 2011ஆம் ஆண்டில் போலி மதிப்பெண் சான்றிதழ் காட்டி உரிமம் பெற்ற விமானிகள் நம் நாட்டில் கைது செய்யப்பட்டார்கள். நேர்முகத் தேர்வில் பதிவேட்டைப் புரட்டிக் கேள்வி கேட்பார்கள். பின்பு சிமுலேட்டரில் அமர்த்தி, ஒரு இன்ஜின் நின்றுபோனதுபோலச் செய்து காட்டுவார்கள். பறக்காத மணிகள் அந்நேரத்தில் உனக்கு உதவமாட்டா. நடுவானில் அப்படி நேர்ந்தால், அருகில் அமர்ந்திருக்கும் கேப்டனின் உயிரும் கீழே உறங்குகிறவர்களின் உயிரும் உன் கையில் அல்லவா இருக்கும்?

தானியேலின் உத்தியோகத்தில் குற்றம் தேடினவர்கள் ஒன்றும் காணாமற்போனார்கள். உன் பதிவேடும் அப்படியே இருக்கட்டும். காத்திருக்கும் நாட்களில் மருத்துவச் சான்று காலாவதியாக விடாதே. வானிலையியலையும் விமானச் சட்டங்களையும் மறந்துபோகாதபடி நாள்தோறும் படி. விமான நிலையத்தில் தரைப்பணி கிடைத்தால் வெட்கப்படாமல் செய். அப்போஸ்தலனாகிய பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தாரே!

பெற்றோரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. விற்ற நிலத்தைச் சாப்பாட்டு வேளையில் நினைப்பூட்டாதிருங்கள். உங்கள் பாரம் தாங்காமலே அநேகப் பிள்ளைகள் குறுக்குவழியைத் தேடுகிறார்கள். தரகரிடம் கொடுக்க மறுபடியும் கடன் வாங்காதிருங்கள். மகனோடு முழங்காலில் நில்லுங்கள்.

வேலை தாமதிக்கலாம். ஆனாலும் பொய்யில்லாத பதிவேட்டோடு காத்திருக்கிறவன் ஒருநாளும் வெட்கப்படான். கர்த்தர்தாமே உங்கள் பிள்ளைகளுக்கு வாசல்களைத் திறந்தருளுவாராக. ஆமென்.