20 வருஷமா நிறையாத செப்டிக் டேங்க்

1/ "எங்க வீட்டு செப்டிக் டேங்க் 20 வருஷமா நிறையவே இல்ல டாக்டர்." கீழப்பாவூர் அண்ணாச்சி ஒருத்தர் பெருமையா சொன்னார். பேரனுக்கு மஞ்சக்காமாலைன்னு கூட்டிட்டு வந்தவர். ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம்னேன். சிரிச்சார். அதான் இந்த த்ரெட். நீளம்தான், பொறுத்துக்கோங்க.

2/ நிறையாத டேங்க் நல்ல டேங்க் இல்லை. ஆறு பேர் தினமும் போனது 20 வருஷமா எங்க போச்சு? மண்ணுக்குள்ள. அங்கிருந்து நிலத்தடி நீருக்கு. உங்க போர்வெல்லும் அங்கதான் இருக்கு.

3/ நாலு உறை இறக்கி மேல மூடி போட்டா அது செப்டிக் டேங்க் ஆகாது. அடியும் சுவரும் கசியாம பூசணும், நடுவுல தடுப்பு வேணும். கசடு அடியில தங்கும், தண்ணி உறிஞ்சிகுழிக்குப் போகும். கசடை 2–3 வருஷத்துக்கு ஒருக்கா எடுக்கணும்.

4/ ஒழுங்கா கட்டின டேங்க்ல இருந்து வர்ற தண்ணியும் சுத்தமில்லை. டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ கிருமிகள் அதுல உயிரோட இருக்கும். அதைப் போய் குழாய் வச்சு வாறுகால்ல விடுறோம். வாறுகால் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். நம்ம பக்கம் பள்ளம்னா குளம்.

5/ "நாங்க கொதிக்க வச்சுத்தான் குடிக்கோம்." நல்லது, கிருமி சாகும். ஆனா நைட்ரேட் போகாது, தண்ணி வத்த வத்த அடர்த்தி கூடத்தான் செய்யும். உரத்துல இருந்து வர்றதும் இதோட சேரும். லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் வரம்பு. அதைத் தாண்டின தண்ணியில பால்பவுடர் கலக்கிக் கொடுத்தா, கைக்குழந்தைக்கு உடம்பு நீலம் பாரிக்கலாம்.

6/ 1854, லண்டன். காலராவை நிறுத்த ஜான் ஸ்னோ ஒரு தெருப் பம்போட கைப்பிடியைக் கழட்ட வச்சார். அப்புறம் தோண்டிப் பார்த்தா, பக்கத்து வீட்டு மலக்குழி கசிஞ்சு அந்தக் கிணத்துல கலந்திருக்கு. அதுவும் 'நிறையாத' குழிதான்!

7/ "பாதாளச் சாக்கடை வரட்டும், எல்லாம் சரியாகும்." தெருத்தெருவா குழாய், பம்பு, கரண்ட், ஓயாத பராமரிப்பு. சின்னப் பேரூராட்சிக்கு அது எப்ப வரும்? அதுவரைக்கும் குடிச்சிட்டே இருக்கணுமா?

8/ வேற வழி இருக்கு. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியும் பேரூராட்சிதான். அங்க கசடு சுத்திகரிப்பு நிலையம் இருக்கு. லாரி கசடைக் கொண்டு வரும், உலர்படுகையில காய வைப்பாங்க, வடியுற தண்ணியைத் தனியா சுத்திகரிப்பாங்க. கர்நாடகாவுல தேவனஹள்ளி 2015-லயே செஞ்சிருச்சு.

9/ "எங்க ஊர்ப் பக்கம் அது வேண்டாம், நாறும்." சரி. இப்ப உங்க வீட்டுக்கு வர்ற லாரி எங்க கொட்டுதுன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா? நிலையம் இல்லாத ஊர்ல ராத்திரி ஓடைதான் நிலையம்.

10/ ஒண்ணு மறக்காதீங்க. லாரிக்குக் காசு மிச்சம்னு ஆளை உள்ள இறக்காதீங்க. விஷவாயு ரெண்டு மூச்சுல ஆளைச் சாய்ச்சிரும். பாதுகாப்பில்லாம இறக்குறது 2013 சட்டப்படி குற்றம். காப்பாத்தக் குதிக்கிறவரும் சேர்ந்தே போவார்.

11/ எங்க மேலயும் தப்பு இருக்கு. ஓஆர்எஸ், ஆன்டிபயாடிக் எழுதி அனுப்பிடுறோம். "தண்ணி எங்க எடுக்கீங்க, டேங்க் எத்தனை அடி தள்ளி இருக்கு?"ன்னு கேட்கிறதில்லை. இனி நான் கேட்பேன்.

12/ நீங்க பேரூராட்சியில ரெண்டு கேள்வி கேளுங்க. எங்க ஊர்க் கசடு எங்க போகுது? போர்வெல் தண்ணியை எப்ப பரிசோதிப்பீங்க? ரோட்டுக்கும் லைட்டுக்கும் மனு கொடுக்கிற நாம, இதுக்கு மட்டும் மூக்கைப் பொத்திக்கிட்டுப் போறோம். பேரன் நல்லாயிட்டான். அண்ணாச்சி டேங்க் இன்னும் நிறையல.