விளையாட்டும் விலையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் சிகாகோ நகரில், 1887-ம் வருஷம் நவம்பர் மாதத்தில், படகுக் கழகமொன்றின் மண்டபத்தில் கூடியிருந்த வாலிபர் சிலர், குத்துச்சண்டைக் கையுறையொன்றைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கட்டையை மட்டையாகக் கொண்டு ஓர் ஆட்டம் ஆடினர். ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அதற்கு விதிகள் வகுத்தார். அதுவே பிற்காலத்தில் ஸாப்ட்பால் என்று பெயர் பெற்று, அந்நாட்டுச் சிறுமியர் பல லட்சம் பேர் ஆடும் ஆட்டமாக வளர்ந்தது. காசு செலவின்றிப் பிறந்த ஆட்டம் இது. இன்றோ, ஒரு சிறுமி இதில் செவ்வையாகப் பந்து வீசக் கற்கவேண்டுமாயின், அவளைப் பெற்றோர் அரைமணி நேரத் தனிப்பாடம் ஒன்றுக்கு 40 டாலர் முதல் 60 டாலர் வரை கொடுப்பது பல ஊர்களில் சாதாரண வழக்கமாகிவிட்டது.

பந்தாட்டக் காரியத்துக்கு ஒரு தலையங்கம் வேண்டுமோ என்று நேயர்களில் சிலர் கேட்கலாம். வேண்டும் என்பதே நமது விடை. சட்டம் ஒரு கையால் கொடுத்த உரிமையைச் சந்தை மறு கையால் எங்ஙனம் திரும்ப வாங்கிக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எளிதில் கிடைக்காது.

அந்த உரிமை எளிதில் வந்ததன்று. 1972-ல் நியூஜெர்ஸி ராஜ்யத்தின் ஹோபோகன் நகரில் மரியா பெப்பி என்ற சிறுமி, ஆண்பிள்ளைகளின் பேஸ்பால் குழுவில் சேர்ந்து மூன்று ஆட்டங்கள் ஆடியபின், பெண் என்ற ஒரே காரணத்தால் விலக்கப்பட்டாள். வழக்கு நடந்தது, தீர்ப்பு பெண்கள் பக்கம் நின்றது. 1974-ல் லிட்டில் லீக் ஸ்தாபனம் தன் விதிகளைத் திருத்திப் பெண்களைச் சேர்த்துக்கொண்டதோடு, அவர்களுக்கென ஸாப்ட்பால் பிரிவையும் தொடங்கிற்று. அதே 1972-ல் நிறைவேறிய கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் பகுதி, மத்திய சர்க்காரிடம் பொருளுதவி பெறும் பள்ளிகளிலும் கலாசாலைகளிலும் ஆண் பெண் பேதம் கூடாதென்று விதித்தது. அதன் பயனாய்ப் பெண்களின் விளையாட்டு பெருகிற்று. சட்டத்தின் மூலம் ஜனசமூகம் அடைந்த நற்பேறுகளில் இதுவும் ஒன்றென்று நாம் தயங்காது கூறுவோம்.

ஆயினும் சட்டம் மைதானத்தின் வாயிலைத்தான் திறந்தது. மைதானத்தின் நடுவிலுள்ள வட்டத்துக்குள் நிற்கும் தகுதியை அதனால் தர இயலவில்லை. ஸாப்ட்பாலில் ஆட்டத்தின் உயிர்நாடி பந்து வீசுபவளே. கையைக் காற்றாடி போல் முழுவட்டமாய்ச் சுழற்றி, இடுப்பருகே பந்தை விடுவிக்கும் வீச்சு அது. உயர்தரப் பள்ளியிலும் கலாசாலையிலும் 43 அடி தூரத்திலிருந்து வீசவேண்டும். தேர்ந்த கலாசாலை வீராங்கனைகளின் பந்து மணிக்கு 60 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும். இவ்வித்தை பார்த்த மாத்திரத்தில் வருவதன்று. ஊர்க் குழுக்களை நடத்துவோரில் பெரும்பாலோர், மாலையில் ஓய்வுநேரத்தைத் தருமமாய் அளிக்கும் பெற்றோர்கள். அவர்களுடைய நல்லெண்ணம் போற்றத்தக்கது. ஆனால் தாம் அறியாத கலையை அவர்கள் எவ்வாறு போதிப்பர்? ஆகவே வீச்சாளராக விரும்பும் சிறுமிக்குத் தனிப்பாடம் அலங்காரமன்று, அதுவே படிக்கட்டு. படிக்கட்டுக்கு விலை வைத்தபின், மாடி எல்லோருக்கும் பொது என்று சொல்வதில் பொருளில்லை.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். வாரம் ஒரு பாடம், பாடத்துக்கு 50 டாலர், வருஷத்தில் 40 வாரம் என்று வைத்துக்கொண்டால் 2,000 டாலராகிறது. அந்நாட்டின் மத்திய சர்க்கார் விதித்த குறைந்தபட்சக் கூலி 2009 முதல் மணிக்கு 7 டாலர் 25 ஸென்ட். அக்கூலி பெறுவோர் 2,000 டாலர் ஈட்ட ஏறத்தாழ 276 மணி நேரம், அதாவது ஏழு வாரம், உழைக்கவேண்டும். மட்டை, கையுறை, வெளியூர்ப் பந்தயப் பிரயாணம், தங்குமிடம் ஆகியவை இதற்குப் புறம்பு. ஆஸ்பென் ஸ்தாபனம் எடுத்த கணக்கின்படி, 2024-ல் ஓர் அமெரிக்கக் குடும்பம் ஒரு குழந்தையின் முக்கிய விளையாட்டுக்குச் சராசரி 1,016 டாலர் செலவிட்டது. 2019-ஐ நோக்க இது நூற்றுக்கு 46 அதிகம். தனிப்பாடம் ஒன்றே அந்தச் சராசரியைப் போல் இருமடங்காகிறதென்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு பொருளைப் பெற்றோர் ஏன் செலவிடுகின்றனர்? மகளிடமுள்ள அன்பு ஒரு காரணம். கலாசாலையில் உபகாரச் சம்பளம் கிடைக்குமென்ற நம்பிக்கை மற்றொன்று. அந்நம்பிக்கைக்கு ஆதாரம் எவ்வளவு? உயர்தரப் பள்ளியில் ஸாப்ட்பால் ஆடுவோரில், கலாசாலைச் சங்கப் பந்தயங்களில் ஆடும் நிலையை அடைவோர் நூற்றுக்கு ஆறு பேர் அளவே. முதல் தரக் கலாசாலையொன்று கொடுக்கக்கூடிய முழு உபகாரச் சம்பளம் நெடுங்காலம் பன்னிரண்டாகவே இருந்தது. இருபது பேருக்கு மேற்பட்ட குழுவில் அதைத் துண்டு துண்டாகப் பங்கிட்டனர். 2025-ல் நீதிமன்றம் ஏற்ற ஒப்பந்தத்தின்படி அந்த வரம்பு நீங்கி, குழுவுக்கு 25 பேர் என்ற எல்லை ஏற்பட்டது. ஆயினும் அத்தனை பேருக்கும் கொடுத்தே தீரவேண்டுமென்ற கட்டாயம் எக்கலாசாலைக்கும் இல்லை. மகளின் படிப்புச் செலவுக்கென்று பத்து வருஷம் பாடத்துக்குப் பணம் கட்டும் தகப்பன், அப்பணத்தைப் படிப்புக்கே சேர்த்து வைத்திருப்பானாயின் பெரும்பாலும் அதிக லாபமடைவான்.

இதற்காகப் பயிற்சியாசிரியர்களைக் குறைகூற நாம் ஒருப்படோம். அவர்களில் அநேகர் முன்னாள் கலாசாலை வீராங்கனைகள். பெண்கள் விளையாடிப் பிழைப்பதற்கான வழிகள் அந்நாட்டிலும் மிகச் சிலவே. கற்பிப்பதே பலருக்கு ஜீவனம். பயிற்சிக் கூடத்தின் வாடகையும் அவர்கள் பெறும் கட்டணத்திலிருந்தே போகவேண்டும். வித்தைக்குக் கூலி கேட்பது குற்றமன்று. அக்கூலியைப் பொதுஸ்தாபனம் கொடுக்கவேண்டிய இடத்தில் தனிக் குடும்பத்தின் தலையில் சுமத்துவதே குற்றம்.

பணமுள்ளவர் வாங்குகின்றனர், இதில் அநீதி எங்கே என்று சிலர் வாதிப்பர். பட்டுப்புடவையை வாங்குவோர் பிறர் புடவையைப் பறிப்பதில்லை, அது உண்மையே. ஆனால் குழுவில் வீச்சாளருக்குரிய இடங்கள் எண்ணப்பட்டவை. ஒருத்தி பாடம் வாங்கி முன்னேறும்போது, வாங்க முடியாதவள் நின்ற இடத்தில் நின்றாலும் பின்தங்குகிறாள். அதைக் கண்ட மூன்றாமவளின் பெற்றோர் கடன்பட்டேனும் பாடம் வாங்குகின்றனர். இவ்வாறு விருப்பமாய்த் தொடங்கியது கட்டாயமாய் முடிகிறது.

பரிகாரம் இல்லாமலில்லை. நார்வே தேசம் 1987-லேயே குழந்தைகளின் விளையாட்டுக்கென விதிகள் வகுத்தது. பதினோரு வயதுக்கு முன் வெற்றி தோல்விப் பட்டியலே அங்கு இல்லை. பதின்மூன்றுக்கு முன் தேசியப் பந்தயம் இல்லை. அதனால் அந்நாடு நலிந்ததா? 2022-ல் பெய்ஜிங் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கப் பதக்கங்களை அச்சிறு நாடே வென்றது. அமெரிக்காவிலும் நல்வழி காட்டுவோர் உளர். லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில் குறைந்த கட்டணத்தில் இளைஞர் விளையாட்டை வளர்க்க ஒலிம்பிக் ஏற்பாட்டாளர் 160 மில்லியன் டாலர் ஒதுக்கியிருக்கின்றனர். ஒவ்வொரு ஊர்க் குழுவும் கற்ற வீராங்கனை ஒருத்தியைச் சம்பளத்துக்கு அமர்த்தி, ஆறு சிறுமியருக்கு ஒருங்கே பாடம் நடத்தினால், மணிக்கு 90 டாலர் கேட்டாலும் தலைக்கு 15 டாலரே ஆகும். ஆசிரியைக்கும் நஷ்டமில்லை, குழந்தைகளுக்கும் தோழமை உண்டு. அந்த 15 டாலரும் கொடுக்க இயலாதவளின் பங்கை ஊர் ஏற்பது பெருஞ்சுமையாகாது.

2028-ல் ஸாப்ட்பால் மீண்டும் ஒலிம்பிக்கில் இடம்பெற்று, ஓக்லஹோமா நகரில் ஆடப்படவிருக்கிறது. அன்று வட்டத்தில் நின்று வீசும் யுவதிகளை உலகம் பாராட்டும், நாமும் பாராட்டுவோம். ஆனால் அவர்களினும் சிறந்த கையுடைய ஒருத்தி, அரைமணிக்கு 50 டாலர் இல்லாத குற்றத்தால், எட்டாவது வயதிலேயே மைதானத்தின் ஓரத்தில் நின்றுவிட்டிருக்கலாம். அவள் பெயரை எந்தப் பட்டியலும் எழுதாது. அவளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் வரையில், 1972-ன் சட்டம் பாதியே நிறைவேறியதென்று நாம் கருதுகிறோம்.