இரவல் மறுக்கும் பெட்டி

இலக்கணம் கற்பிக்கும் பண்டிதனுக்கு விளையாட்டுப் பெட்டியோடு என்ன உறவு என்று வினவுவோர் உளர். உறவு உண்டு. அட்டனுக்கு அண்மையிலுள்ள எங்கள் இல்லத்தின் முன்னறையில், தொலைக்காட்சியின் இருமருங்கிலும் இரண்டு பெட்டிகள் வீற்றிருக்கின்றன. ஒன்று சோனி நிறுவனத்தாரின் பிளேஸ்டேஷன் 4. கட்டாரிலிருந்து 2017ஆம் ஆண்டு விடுமுறையில் வந்த மூத்த மகன் கொணர்ந்தது. மற்றையது நின்டெண்டோ நிறுவனத்தாரின் சுவிட்ச். ஆசிரியப் பணியேற்ற மகள் தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. அன்று தொட்டு இல்லம் இரண்டு கட்சியாயிற்று. எது சிறந்தது என்று தீர்ப்புக் கூறும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

காட்சியழகு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் வழக்கு அரை நாழிகையில் முடிந்துவிடும். பிளேஸ்டேஷனில் புல் நுனியில் நிற்கும் பனித்துளியும் தெரிகிறது. சுவிட்ச் அந்த வகையில் இளைத்ததே. ஆயினும் 2022ஆம் ஆண்டு பங்குனி மாதத்தை நம்மவர் மறந்திருக்க மாட்டார். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்ற காலம் அது. அப்பொழுது மகனுடைய பெட்டி கருங்கல்லாய்க் கிடந்தது. மகளுடையதோ பற்றரி உள்ளவரை அவள் கையில் ஒளிவிட்டது. அதன் இருபக்கத்துக் கைப்பிடிகளையும் கழற்றி ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு இருவர் ஆடலாம். பிளேஸ்டேஷனோடு வருவது ஒரே கைப்பிடி. மற்றுமொன்று. குழந்தைகள் வாயிலிட்டு விழுங்கிவிடாதபடி சுவிட்சின் சிறிய கசெட்டில் கசப்புப் பூசியிருக்கிறார்கள். ஐயந்தீர நாவில் வைத்துப் பார்த்தேன். வேப்பங்காய் தோற்றது!

இரண்டு பெட்டிக்கும் தமிழ் தெரியாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். அது தனியே எழுதவேண்டிய வழக்கு.

நிற்க. 2024ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில் என் மாணவன் ஒருவன் வந்தான். தோட்டத்து லயத்துப் பிள்ளை. அவனுடைய தம்பிக்கு மாமன் கொழும்பிலிருந்து பழைய சுவிட்ச் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தார். பெட்டி வந்துவிட்டது, ஆடுவதற்கு விளையாட்டு இல்லை.

“சேர், அக்காகிட்ட இருக்கிற மரியோ கார்ட்டை ரெண்டு நாளைக்குத் தருவீங்களா?” என்று தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்.

மகளை நோக்கினேன். “அது கசெட் இல்லையப்பா, காசு கட்டி நெட்டிலே இறக்கினது. குடுக்க ஏலாது” என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. மாணவன் ஒருவன் இரவல் கேட்டு நான் இல்லையென்றது ஆசிரியனான பின் அதுவே முதன்முறை.

காரணம் உண்டு. நான் பத்துக் காம்பரா லயம் ஒன்றில் பிறந்தவன். அங்கே உப்பு இரவல், அம்மி இரவல், பெரட்டுக்குப் போகும் மழைநாளில் தலைக்கிடும் கம்பளியும் இரவல். நான் கற்ற நிகண்டும் நன்னூல் உரையும் என் ஆசிரியருடைய அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக வந்து, இஸ்தோப்பிலே விளக்கடியில் படிக்கப்பட்டுத் திரும்பிச் சென்றவை. ஒரு நூலைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் அடுத்த நூலைக் கேட்கும் உரிமை பிறக்கும்.

விளையாட்டும் அவ்வாறே எங்களிடம் வந்தது. 1996ஆம் ஆண்டளவில் என் தம்பியின் பொருட்டுப் புறக்கோட்டை நடைபாதையில் ஒரு பெட்டி வாங்கினேன். 1983ஆம் ஆண்டில் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபமிலி கம்பியூட்டர் என்னும் பெட்டியின் போலி அது. போலி என்பதை மறைப்பது நேர்மையன்று. அசலை வாங்கும் வசதி எங்களுக்கு இருக்கவுமில்லை. கசெட்டின் மேல் 9999999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் இருபது தேறவில்லை. அவையே வேறு வேறு பெயர் சூடி மீண்டும் மீண்டும் வந்தன. உயர்வு நவிற்சி அணிக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. தோட்டத்தில் நான்கு வீடுகளில் அத்தகைய பெட்டி இருந்தது. வெள்ளி மாலை எங்கள் காம்பராவில் துள்ளிய மரியோ, ஞாயிறன்று மேல் டிவிசன் லயத்தில் துள்ளுவான். பழுதென்றால் கசெட்டின் வாயை ஊதுவார்கள். ஊதுதல் கூடாதென்று நின்டெண்டோவே அறிவுறுத்தியிருக்கிறது. ஊதாத பிள்ளையை நான் கண்டதில்லை. தொழிற்சங்கப் பிணக்கால் ஆண்டுக்கணக்கில் முகம் பாராதிருந்த இரு வீட்டார், பிள்ளைகள் கசெட்டைத் தூக்கிக்கொண்டு போய்வந்த வழியிலே மெல்லப் பேசத் தொடங்கியதும் உண்டு.

இந்த இரவல் பெரிய நாடுகளிலும் ஒருமுறை வழக்கிற்கு வந்தது. 2013ஆம் ஆண்டு மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் எக்ஸ்பொக்ஸ் வன் என்னும் பெட்டியை அறிவித்தபோது, இருபத்துநான்கு மணி நேரத்துக்கொரு முறை அது இணையத்தோடு தொடர்புகொள்ளல் வேண்டும் என்றும், இறுவட்டைப் பிறருக்குக் கொடுப்பதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு என்றும் விதித்தனர். எதிரணியாகிய சோனி சும்மா இருக்குமா? பிளேஸ்டேஷன் 4இல் விளையாட்டை இரவல் கொடுப்பது எப்படி என்று ஒரு சிறு படம் வெளியிட்டது. ஒருவர் இறுவட்டை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார். படம் முடிந்தது! உலகம் நகைத்தது. ஆனி 19ஆம் நாள் மைக்ரோசொப்ட் தன் விதிகளை மீட்டுக்கொண்டது.

அன்று நகைத்தவர்களின் வீட்டிலும் இன்று காற்று மாறி வீசுகிறது. சோனி 2020ஆம் ஆண்டு வெளியிட்ட பிளேஸ்டேஷன் 5இல் இறுவட்டுக்கு வாயில்லாத வகையும் ஒன்று. 2024ஆம் ஆண்டின் புரோ என்னும் விலையுயர்ந்த வகைக்கோ அவ்வாயைத் தனியே பணங்கொடுத்து வாங்கிப் பொருத்தல் வேண்டும். நின்டெண்டோ 2025ஆம் ஆண்டு கொணர்ந்த சுவிட்ச் 2இன் கசெட்டுகள் சிலவற்றுள் விளையாட்டே இல்லை. திறவுகோல் மட்டும் உண்டு. விளையாட்டை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளல் வேண்டும். இறக்கி வாங்கிய விளையாட்டையும் இரவல் கொடுக்க அந்நிறுவனம் அதே ஆண்டில் ஒரு வழி செய்தது உண்மை. ஆனால் இரண்டு வாரத்திற்கு, அதுவும் குடும்பக் குழுவில் சேர்ந்தவருக்கு மட்டும். எட்டுப் பேருக்குட்பட்டதாம் அக்குடும்பம். ஒரே கூரையின் கீழ்ப் பத்துக் காம்பராவில் வாழும் எங்களைக் குடும்பத்தில் எப்படி எண்ணுவது? அந்த விதியை வகுத்தவர் லயத்தைக் கண்டிரார்.

உழைத்து ஆக்கியவனுக்கு ஊதியம் வேண்டாமா என்று கேட்பர். வேண்டும். படியெடுத்து விற்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் இரவல் வேறு, படியெடுப்பு வேறு. கசெட்டைக் கொடுத்தவன் அது திரும்பும்வரை தான் ஆடாதிருக்கிறான். அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு கொடுப்பவனை எந்த நீதிநூல் குற்றவாளி என்று கூறும்?

தமிழ்நூல் வரலாற்றைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம். கும்பகோணத்தில் 1880ஆம் ஆண்டு சேலம் இராமசுவாமி முதலியார் சீவகசிந்தாமணிப் பிரதியைக் கொடுத்துதவியிராவிடின், உ. வே. சாமிநாதையர் அக்காப்பியத்தின்பால் திரும்பியிருப்பாரா? 1887ஆம் ஆண்டு அஃது அச்சேறியிருக்குமா? பிறர் கைபடாமல் பூட்டிவைத்த ஏடுகள் பல கரையானுக்கு இரையாயின. விளையாட்டைக் காப்பியத்தோடு ஒப்பிடுகிறேன் என்று சினவற்க. பூட்டுக்கும் கரையானுக்கும் உள்ள உறவைத்தான் சொல்லுகிறேன். நின்டெண்டோவின் வீ என்னும் பெட்டிக்கான இணையக் கடை 2019ஆம் ஆண்டு தை மாதத்தோடு மூடப்பட்டது. 2023ஆம் ஆண்டு பங்குனியில் மேலும் இரண்டு பெட்டிகளின் கடைகளில் விற்பனை நின்றது. அங்கு மட்டுமே கிடைத்தவற்றை இனி எவரும் நேர்வழியில் வாங்குவதற்கில்லை. என் தம்பியின் புறக்கோட்டைக் கசெட்டோ இன்றும் ஓடுகிறது, ஊதினால்.

ஆகவே மகன் கட்சிக்கும் மகள் கட்சிக்கும் நான் கூறிய தீர்ப்பு வேறு. எந்தப் பெட்டியாயினும் சரி. இந்த இல்லத்தில் இனி வாங்குவது கையில் எடுத்துக் கொடுக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். விலை சற்றுக் கூடும் என்றான் மகன். கூடட்டும் என்றேன். பிளேஸ்டேஷனின் இறுவட்டும் எனக்கு உடன்பாடே. பெட்டிக்குள் அது பதிந்து முடியும்வரை காத்திருக்கும் பொறுமைதான் எனக்கில்லை.

மகள் தைப்பொங்கலுக்கு மரியோ கார்ட்டைக் கசெட்டாக வாங்கினாள். ஒரே விளையாட்டுக்கு இருமுறை பணம் என்று முணுமுணுத்துக்கொண்டே வாங்கினாள். நானே லயத்துக்குக் கொண்டுபோய் அம்மாணவனிடம் கொடுத்தேன். கொடுத்த நாளை என் இரவல் புத்தகத்தில், நன்னூல் கொண்டுபோன ஒருவனுடைய பெயருக்குக் கீழே குறித்துக்கொண்டேன். இரண்டு நாள் என்று வாங்கியவன் மாசி பிறந்தும் திருப்பித் தரவில்லை. வகுப்பில் கேட்டேன். கீழ் லயத்தில் ஒரு பையனிடம் இருக்கிறதாம். அவனுக்கடுத்து இன்னும் இருவர் சொல்லிவைத்திருக்கிறார்களாம்.