பொன்னாடை காணாத சட்டத்தரணிகள்

எமது மண்ணில் பொன்னாடைகளுக்கு என்றுமே பஞ்சமிருந்ததில்லை. ஓய்வுபெறும் அதிபருக்கும், பதவி உயர்வு பெறும் அதிகாரிக்கும், மணிவிழாக் காணும் பெரியாருக்கும் மண்டபம் நிறைய விழா எடுக்கின்றோம், மலரும் வெளியிடுகின்றோம். ஆனால் கட்டணம் செலுத்த வழியற்ற ஏழைகளுக்காக ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறிவரும் சட்டத்தரணிகள் இந்த மேடைகளில் ஏறியது அரிது. "கெட்டிக்கார அப்புக்காத்து" என்றால் கூடிய கட்டணம் வாங்குபவர் என்றே நம்மவர்கள் இன்றும் பொருள் கொள்கின்றனர். பதவிப்பெயர் மாறி அரை நூற்றாண்டாகியும் அந்த மனப்பாங்கு மாறவில்லை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்காகவும், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் நீண்டகாலம் தடுத்து வைக்கப்பட்டோருக்காகவும் கட்டணமின்றி வழக்காடிவரும் சட்டத்தரணி ரனிதா ஞானராஜாவுக்கு 2021 மார்ச்சில் தைரியமிக்க பெண்களுக்கான சர்வதேச விருது வழங்கப்பட்டது. விருதை வழங்கியது அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம். நம்மவர் ஒருவரின் பணியின் பெறுமதியை வொஷிங்டன் எடுத்துச் சொன்ன பின்னர்தான் நம்மில் பலர் அவரது பெயரையே அறிந்துகொண்டோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது.

ஏழை ஒருவருக்கு நீதிமன்றம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். அந்த நீதிமன்றமோ ஏறக்குறைய நானூறு கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்பில் இருக்கின்றது. கூலி வேலை செய்யும் ஒரு தாய், மகன் கைதான அதிர்ச்சியிலிருந்து மீண்டு, எங்கே முறையிடுவதென்று விசாரித்து அறிவதற்குள்ளேயே அந்த மாதம் கழிந்துவிடும். ஊர் நீதிமன்றத்தில் நடக்கும் வழக்குகளிலும் நிலைமை பெரிதாக வேறுபடுவதில்லை. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் கூலி போகின்றது. பஸ் கட்டணம், பிரதி எடுக்கும் செலவு என்று கையிருப்பும் கரைகின்றது. தாபரிப்புப் பணம் கோரும் பெண், நுண்கடன் நிறுவனத்தின் அறிவித்தலைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கும் குடும்பத் தலைவி, இடப்பெயர்வில் காணி உறுதியைத் தொலைத்துவிட்ட முதியவர் என இவர்கள் எல்லோருக்கும் சட்டத்தில் வழியுண்டு. அந்த வழியைக் காட்டுவதற்குத்தான் ஆளில்லை. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்ததால் காணியுரிமையை இழக்கும் நிலைக்கு ஆளானோரின் நலன் கருதி 2016இல் ஆட்சியுரிமை தொடர்பான விசேட சட்டமொன்று, இலக்கம் 5, நிறைவேற்றப்பட்டது. அப்படியொரு சட்டம் வந்த செய்தி தீவகத்திலும் வலிகாமம் வடக்கிலும் எத்தனை வீடுகளை எட்டியிருக்கும்?

பணமில்லாத கட்சிக்காரருக்காக முன்னிலையாவதில் இழப்பது கட்டணத்தை மட்டுமல்ல என்பதையும் யாழ்ப்பாணம் நன்கறியும். 1996இல் நாவற்குழி இராணுவ முகாமைச் சேர்ந்தோரால் கைது செய்யப்பட்டுக் காணாமல் ஆக்கப்பட்ட 24 இளைஞர்கள் தொடர்பாக, அவர்களில் சிலரது உறவினர்களின் சார்பில் 2017 நவம்பரில் யாழ். மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. அவற்றில் முன்னிலையானவர்களில் ஒருவர் யாழ். பல்கலைக்கழகச் சட்டத்துறை விரிவுரையாளரான கலாநிதி குமாரவடிவேல் குருபரன். இராணுவத் தரப்பிலிருந்து சென்ற கடிதமொன்றைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு தலையிட்டது. 2019இல் அவர் நீதிமன்றத் தொழிலில் ஈடுபடுவதற்குத் தடை வந்தது. 2020 ஜூலையில் அவர் பல்கலைக்கழகப் பதவியைத் துறந்தார். மாணவருக்குச் சட்டம் கற்பிக்கலாம், அதே சட்டத்தைக் கொண்டு ஒரு தாய்க்கு உதவக்கூடாது என்பது எத்தகைய விசித்திரமான நியாயம்! அதற்கும் முன்னர், பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதிகளுக்காகத் தொடர்ந்து வாதாடிவந்த குமார் பொன்னம்பலம் 2000 ஜனவரி 5ஆம் திகதி கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்டதை எவரும் மறந்திருக்க முடியாது.

இன்றும் இப்பணியின் தேவை குறைந்துவிடவில்லை. செம்மணி சித்துப்பாத்தியில் 2025இல் இருநூறுக்கும் மேற்பட்ட மனித எலும்புத் தொகுதிகள் வெளிப்பட்டன. அகழ்வு நடந்த நாள்களிலும் யாழ். நீதவான் நீதிமன்றத் தவணைகளிலும் உறவுகளின் சார்பில் நின்ற சட்டத்தரணிகளின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணக்கூடியதே.

அரசு இதற்கென எதுவுமே செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலும் அதன் அலுவலகம் இயங்குகின்றது. குறைந்த வளங்களுடன் அங்கே பணியாற்றும் இளம் சட்டத்தரணிகள், தனிப்பட்ட முறையில் தொழில் செய்து ஈட்டக்கூடிய வருமானத்தைத் துறந்தே அப்பணியில் நீடிக்கின்றனர். சிறிது அனுபவம் பெற்றதும் அவர்களில் பலர் விலகிச் செல்வதற்காக அவர்களைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. இந்த ஆணைக்குழுவின் உறுப்பினர்களில் பெரும்பான்மையோரைப் பெயர் குறிப்பது சட்டத்தரணிகள் சங்கம்தான். ஆகையால், கொடுப்பனவு போதாது என்று நீதி அமைச்சை மாத்திரம் குற்றஞ்சாட்டிவிட்டு மூத்த சட்டத்தரணிகள் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

யாழ்ப்பாணம், மல்லாகம், பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகிய நீதிமன்றங்களில் தொழில் புரியும் மூத்த சட்டத்தரணிகள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஓர் ஏழையின் வழக்கையேனும் கட்டணமின்றி, தொடக்கம் முதல் தீர்ப்பு வரை ஏற்று நடத்த முன்வர வேண்டும். இளையோர் இருவர் மூவர் மீது முழுச் சுமையையும் ஏற்றிவிட்டு அவர்களைப் பாராட்டுவதில் பொருளில்லை. கொழும்புக்குச் செல்லவேண்டிய கட்சிக்காரரின் பயணச் செலவுக்கும் ஆவணங்களின் மொழிபெயர்ப்புச் செலவுக்கும் எமது சட்டத்தரணிகள் சங்கங்கள் ஒரு நிதியத்தை அமைக்கலாம். புலம்பெயர்ந்த எம்மவர்கள் கோயில் கோபுரங்களுக்கு அனுப்புவதில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதுமானதாகும். இவர்களுக்கு விழா எடுக்க விரும்புவோர், மண்டப வாடகையையும் பொன்னாடைக்கான பணத்தையும் முதலில் அந்த நிதியத்தில் சேர்ப்பார்களாக.